ஓஷன் குரோவ் பேரரங்கம் முழுவதும் மரத்தால் ஆனதா?

கடலோரப் பயணி (கேள்வி)

நியூ ஜெர்சியில் வசிக்கும் என் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, ஓஷன் குரோவ் என்னும் கடலோர ஊரிலுள்ள, மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பேரரங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கலந்துகொண்டோம். கூண்டு வண்டியின் உட்புறம் போல வளைந்து செல்லும் அந்த மாபெரும் மரக்கூரையை விட்டுக் கண்ணை எடுக்கவே முடியவில்லை. 1894ஆம் ஆண்டில் 92 நாட்களில் இதைக் கட்டி முடித்தார்கள் என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் கூறினார். அவ்வளவு அகலத்தை வெறும் மரத்தைக் கொண்டு எப்படி மூடினார்கள்? அரங்கைச் சுற்றி வரிசையாக நிற்கும் கூடாரங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஏடு

தங்களுடைய இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏனெனில் அங்கே முதலில் வந்தவை கூடாரங்கள்தாம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், பரிசுத்த வாழ்வை வலியுறுத்திய மெதடிஸ்ட் போதகர்கள் பலர், ஊர்ச் சந்தடியை விட்டு விலகிப் பல நாட்கள் ஒன்றாகத் தங்கி ஜெபிக்கும் முகாம் கூட்டங்களுக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஆஸ்பார்ன், மேடான கடற்கரையும் மர நிழலும் கொசுத் தொல்லை இல்லாத காற்றும் அமைந்த இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1869 ஜூலை இறுதியில் ஒரு சிறு குழு கூடாரமடித்து அங்கே முதல் கூட்டத்தை நடத்தியது. இந்தக் கூட்டங்களை நடத்த அமைந்த முகாம் சங்கத்துக்கு எல்வுட் ஸ்டோக்ஸ் என்பவர் முதல் தலைவரானார்.

நிலத்தைச் சங்கம் யாருக்கும் விற்கவில்லை. நெடுங்காலக் குத்தகைக்கே விட்டது. ஓய்வுநாள் ஆசரிப்பு அங்கே அவ்வளவு கண்டிப்பாக இருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் நுழையாதபடி ஊர் வாயிலைச் சங்கிலியிட்டு அடைத்துவிடுவார்கள். ஒரு மதச் சங்கம் ஊராட்சி அதிகாரத்தைச் செலுத்துவது அரசியலமைப்புக்குப் புறம்பானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளிக்கும் வரை, ஊர் நிர்வாகமே சங்கத்தின் கையில்தான் இருந்தது. முதலில் திறந்தவெளியில்தான் கூடினார்கள்; பின்னர் எழுப்பிய கூரைகளும் பெருகிக்கொண்டே போன மக்களுக்குப் போதவில்லை. அதன் முடிவாகவே இன்றைய அரங்கம் எழுந்தது. தொடக்கத்தில் ஏறக்குறைய 10,000 பேர் அமரக்கூடியதாக இருந்த அதில், இருக்கைகள் அகலமாக்கப்பட்ட பின் இன்று 6,000 பேருக்குச் சற்று மேல் அமரலாம்.

சுற்றிலும் இருப்பவை 114 கூடாரங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் சமையலிடமும் குளியலறையும் கொண்ட சிறிய மர அறை ஒன்று உண்டு. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை குடும்பங்கள் அங்கே தங்குகின்றன. குளிர்காலம் வந்ததும் கூடாரத் துணியைக் கழற்றி, அந்த மர அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

தச்சர் வீட்டுப் பிள்ளை

முழுவதும் மரம் என்பது சரியன்று. பிரெட் கேம்ப் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இந்த அரங்கம் சுமார் 225 அடி நீளமும் 161 அடி அகலமும் உடையது. அந்த அகலத்தை மர உத்தரங்களைக் கொண்டு தாண்டுவது அன்றைக்கு மிகக் கடினம். ஆகவே ரயில் பாலங்களில் வைப்பது போன்ற இரும்புச் சட்டகங்களைக் கல் அடித்தளத்தின் மீது நிறுத்தி, கூரையின் பாரம் முழுவதையும் அவற்றில் ஏற்றினார்கள். சுவர், உட்கூரை, மாடம், தளம் ஆகியவைதாம் மரம். குறுகிய காலத்தில் வேலை முடிந்ததற்கும் இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து: எலும்புக்கூடு எழுந்து நின்றுவிட்டால், பலகை அறையும் வேலையைப் பல குழுக்களாகப் பிரிந்து ஒரே சமயத்தில் செய்துவிடலாம். ஆனாலும் மரம் வெறும் போர்வையன்று. ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில் போதகரின் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டு சேர்த்தது அந்த வளைந்த பலகைக் கூரைதான்.

குழலிசை அன்பர்

அதே கூரைதான் அங்குள்ள குழாய் ஆர்கனுக்கும், அதாவது குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய இசைக்கருவிக்கும், பேருதவி செய்கிறது. 1908இல் அதை அமைத்த ராபர்ட் ஹோப்ஜோன்ஸ் இங்கிலாந்தில் தொலைபேசித் துறையில் மின்பொறியாளராக இருந்தவர். விசைப்பலகையையும் குழாய்களையும் மின்கம்பியால் இணைப்பதிலும், உயர்ந்த காற்றழுத்தத்தில் குழாய்களை முழங்கச் செய்வதிலும் அவருக்குத் தனித் திறமை இருந்தது. பின்னாளில் பலமுறை விரிவாக்கப்பட்ட அந்த ஆர்கனின் அடிக்குழாய்கள் முழங்கும்போது, அமர்ந்திருக்கும் பலகை அதிர்வதை உடலே உணரும். கற்கோயில்களில் ஒலி நெடுநேரம் எதிரொலித்துக் கலங்கிவிடும். இங்கே சொல்லும் சுரமும் தெளிவாகவே காதில் விழுகின்றன. மேடையின் இருபுறமும் மின்விளக்கு எழுத்துகள் இருந்தனவே, கவனித்தீர்களா? அவற்றுள் ஒன்று, நம் வேதாகமத்தில் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்று வரும் அதே வாசகம்.

கடலோரப் பயணி

கவனித்தேன், மொழிதான் வேறு, வாசகம் உடனே புரிந்தது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒன்று: கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் மரக் கட்டடம் புயல்களை எப்படித் தாங்கியது?

தச்சர் வீட்டுப் பிள்ளை

முற்றிலும் தப்பிவிடவில்லை. 2012 அக்டோபரில் வீசிய சாண்டி புயல் கூரையின் ஒரு பகுதியைப் பிய்த்தெறிந்தது. ஆனால் சட்டகம் அசையாமல் நின்றதால் கூரையைச் செப்பனிட முடிந்தது. மறு கோடையில் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன.