மாரா ஆறு, செரெங்கெட்டி, கோரோங்கோரோ: பார்த்தவர்கள் சொல்பவை

கென்யா, தான்சானியா வழியே ஓடும் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (ஒருவகைப் பெரிய மான்) மந்தை கடப்பதைப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மந்தைகள் வடக்கே இருக்கும். எந்த நாளில் எந்தத் துறையில் இறங்கும் என்பது அந்த வில்டபீஸ்ட்டுக்கே தெரியாது. தான்சானியா பக்கம் கோகாடெண்டேயில் துறைகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். சஃபாரி வண்டி ஓட்டுநர்கள் ரேடியோவில் அந்த எண்ணைத்தான் சொல்லிக்கொள்வார்கள். கரையில் கூட்டம் சேரும், முன்வரிசை தண்ணீர் வரை இறங்கும், ஒன்று மிரண்டால் மொத்தமும் திரும்பி மேலேறிவிடும். இப்படியே மூன்று நான்கு மணி நேரம் போகலாம். கடைசியில் ஒன்றுகூடக் கடக்காமல் மேயப் போய்விடுவதும் உண்டு.

பல நேரம் மந்தையைத் திருப்பி அனுப்புவது முதலை இல்லை, வண்டிகள்தான். வண்டியைக் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, எஞ்சினை அணைத்து நிறுத்தச் சொல்லுங்கள். முதல் முப்பது நாற்பது தலைகள் நீந்தத் தொடங்கிவிட்டால் பின்னால் வருபவை லேசில் நிற்காது. அப்போது மெதுவாக முன்னே போகலாம். எதிர்க்கரை செங்குத்தாக இருந்தால் ஏற முடியாமல் நெரிசலில் மூழ்கிச் சாகும். முதலை வாயில் போவதைவிட இப்படிச் சாவதுதான் அதிகம். பார்க்கத் தாங்காதவர்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

★

ஆற்றைப் பற்றி மேலே சொன்னது சரி. சிறுத்தைக்கு வருவோம். தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவின் நடுவில் இருக்கும் செரோனேரா ஆற்றோரம்தான் நல்ல இடம். மஞ்சள் பட்டை வேலமரங்கள், சாசேஜ் மரங்கள் இரண்டிலும் கிடைமட்டமாகப் போகும் தடித்த கிளைகளைப் பாருங்கள். உடம்பைத் தேடாதீர்கள், புள்ளிகள் இலை நிழலில் கரைந்துவிடும். கிளைக்குக் கீழே நேராகத் தொங்கும் வாலோ காலோதான் முதலில் கண்ணில் படும். தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். 10x வாங்கினால் வண்டியில் யாராவது அசைந்தாலே படம் ஆடும்.

ரேடியோவை நம்பிப் போனால் இருபது வண்டிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். அதைவிட மற்ற மிருகங்களைக் கவனிக்கலாம். ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை விட்டு ஒரே திசையில் வெறித்தால் அங்கே சிங்கமோ சிறுத்தையோ இருக்க வாய்ப்பு அதிகம். இம்பாலா மான் மூக்கால் சீறினாலும், கினிக்கோழிகள் ஓயாமல் கத்தினாலும் வண்டியை நிறுத்துங்கள். பிணந்தின்னிக் கழுகுகள் வானில் வட்டமிடுவதற்குப் பெரிய அர்த்தம் இல்லை, வெப்பக் காற்றில் உயரம் பிடிக்கின்றன. சரிந்து வேகமாக இறங்கினால்தான் கீழே இரை. இறங்கியவை தரைக்கு வராமல் மரத்திலேயே உட்கார்ந்திருந்தால் சிங்கம் இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

★

சிவிங்கிப்புலி (சீட்டா) பார்க்கப் பிப்ரவரியில் தெற்கே என்டூட்டு போங்கள். வில்டபீஸ்ட் கன்று ஈனும் காலம் அது. எரிமலைச் சாம்பல் மண்ணில் முளைக்கும் குட்டைப் புல்லில் தாதுச்சத்து அதிகம் என்பதால்தான் மந்தை அங்கே கூடுகிறது. புல் குட்டை என்பதால் துரத்தல் முழுவதும் மறைவில்லாமல் தெரியும்.

சிவிங்கிப்புலி இரையைப் பிடித்த உடனே தின்னாது. மூச்சு வாங்கிக்கொண்டு கால் மணி, அரை மணி நேரம்கூடக் கிடக்கும். கழுதைப்புலி வந்து பிடுங்குவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். நாலு பக்கமும் வண்டிகள் சூழ்ந்தால் கழுதைப்புலி வருவது சிவிங்கிப்புலியின் கண்ணுக்கே தெரியாது. எனவே ஒரே பக்கமாக நில்லுங்கள். செரெங்கெட்டி பூங்காவுக்குள்ளும் பழைய எரிமலைவாயான கோரோங்கோரோ பள்ளத்துக்குள்ளும் தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது, அபராதம் உண்டு. "கொஞ்சம் கிட்டப் போங்கள்" என்று டிப்ஸைக் காட்டிக் கேட்பவர்களால் மாட்டிக்கொள்வது பாவம் அந்த ஓட்டுநர்.

படம் எடுப்பவர்களுக்கு: ஓடும் மிருகத்துக்கு ஷட்டர் 1/1600க்குக் கீழே வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல் தூரத்துப் படங்கள் மங்கலாக வந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள், தரையிலிருந்து எழும் கானல்தான் காரணம். டிரைபாட் வண்டிக்குள் விரியாது. லென்ஸை வைத்து எடுக்க உதவும் பீன் பேக்கை (சிறு துணிப்பை) காலியாகக் கொண்டுபோய் அருஷா கடைத்தெருவில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். சிறு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி, அதுவும் மெத்தென்ற பையாக இருக்க வேண்டும்.

★

கறுப்புக் காண்டாமிருகத்துக்குக் கோரோங்கோரோ பள்ளம். சுமார் 260 சதுர கி.மீ. தரை, சுற்றிலும் 600 மீட்டர் சுவர். வாயில் திறந்ததும் முதலில் இறங்குங்கள். வெயில் ஏறினால் படுத்துவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் பாறையா மிருகமா என்றே தெரியாது. விளிம்பில் விடியற்காலைக் குளிர் கடுமை, ஸ்வெட்டர் கட்டாயம். உள்ளே ஒட்டகச்சிவிங்கி கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கருநீலம், கறுப்பு உடை தவிர்க்கவும், கடிக்கும் செட்சீ ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். சாதாரணக் கொசு மருந்துக்கெல்லாம் அது அசையாது. இந்தியாவிலிருந்து கென்யாவுக்கும் சேர்த்துப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்.