வெயிலில் மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீங்க

திருவிழா முதலுதவிக் குழு

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் சாய்கிறவர்களில் பெரும்பாலானோர் நெடுநேரம் அசையாமல் நின்றவர்கள்தான். சூட்டை வெளியேற்ற தோலடி ரத்தக்குழாய்கள் விரியும். ரத்தம் காலில் தேங்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி அதை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அதுவும் இல்லை. வியர்வையில் நீரும் போயிருந்தால் பிரஷர் இறங்கி, மூளைக்கு ரத்தம் சில விநாடி போதாமல் போகும். அதற்கு முன்பே கண் இருட்டும், காது அடைக்கும், குமட்டும், குளிர்ந்து வியர்க்கும். அப்போதே படுத்துவிட்டால் விழவே வேண்டாம்.

படுத்தாலே ரத்தம் தலைக்குப் போய்விடும். ஆனால் நம்மாட்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பார்கள், அல்லது அப்படியே ஆட்டோவில் திணிப்பார்கள். மயக்கம் நீள்வது இதனால்தான். நிழலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கால்களை ஒரு பையின் மேல் சுமார் 30 செ.மீ. உயர்த்துங்கள், இறுக்கமான பெல்ட், சட்டைப் பட்டனைத் தளர்த்துங்கள். நிறைமாதக் கர்ப்பிணியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதில் குற்றமில்லை. வாயில் சோடா ஊற்றுவதுதான் வினை. நினைவில்லாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

அவசர சிகிச்சைப் பிரிவு செவிலியர்

மேலே சொன்னதோடு ஒன்று. மயங்கும்போது கைகால் சில விநாடி வெட்டி இழுக்கலாம். உடனே 'வலிப்பு' என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். மூளைக்கு ரத்தம் குறைந்ததால் வரும் இழுப்புக்கு இரும்பால் ஒன்றும் ஆகாது. உண்மையான வலிப்புக்கும் ஆகாது. சாதாரண மயக்கம் என்றால் படுத்த ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்து, பெயர், ஊர் சரியாகச் சொல்வார். தெளிந்ததும் எழுப்பாதீர்கள்: 10, 15 நிமிடம் படுக்கை, பிறகு உட்காருதல், பிறகு நிற்பது. அவசரப்பட்டால் அதே இடத்தில் மறுபடி விழுவார்.

நெஞ்சுவலி, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது, தலையில் அடி, சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

108 பணி அனுபவத்திலிருந்து

கண் திறந்தும் பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, சம்பந்தமில்லாமல் கத்துகிறாரா, உடம்பு கொதிக்கிறதா? இது வேறு விவகாரம்: வெப்ப வாதம், ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். வெயிலில் உழைத்தபடியே விழுந்தவருக்கு சட்டை நனைந்தே இருக்கும்.

108-க்குப் போன் போட்டுக்கொண்டே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வண்டிக்காகக் காத்திருக்கக் கூடாது. மேலாடையைக் கழற்றி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். ஈரத்துணியைப் போர்த்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு வெந்நீர்த் துணியாகிவிடும். பாராசிட்டமால் இங்கே வேலை செய்யாது, கொடுக்கவும் கூடாது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகச நிகழ்ச்சியில் பலர் மயங்கி விழுந்ததை நினைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசி மட்டுமே ஆபத்து மாதங்கள் இல்லை. நெரிசலும் புழுக்கமும் நிழலில்லாத நிற்பும் சேர்ந்தால் புரட்டாசியிலும் ஆள் விழும்.

மருந்தாளுநர்

பிரஷர் மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மற்றவர்களைவிட சீக்கிரம் விழுவார்கள். அதற்காக வெயில் காலத்தில் தானாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் அளவு கேளுங்கள்.

நன்றாகத் தெளிந்தவருக்குப் பாக்கெட் ஓஆர்எஸ் போதும். பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும். ஒரு டம்ளரில் மொத்தத்தையும் கொட்டினால் உப்பு அளவு கடந்து வாந்தி வரும். பாக்கெட் இல்லையா, 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். டீ, காபி அன்றைக்கு வேண்டாம்.

அணிவகுப்புப் பயிற்றுநர்

விறைப்பாக நிற்கும்போது முட்டியைப் பூட்டிக்கொள்ளாதீர்கள். ஷூவுக்குள் கால்விரலை மடக்கி விரிக்கலாம், கெண்டைக்காலை இறுக்கி விடலாம். வெளியே யாருக்கும் தெரியாது. கண் இருட்டினால் மரியாதை பார்க்காமல் அங்கேயே குந்திவிடுங்கள்.