புதுப்பிப்பு: கடன் வரலாறு இல்லாமல் சென்னை திரும்பிய எனக்கு அட்டை கிடைத்துவிட்டது

சிங்கப்பூரில் 11 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வேளச்சேரியில் குடியேறிய எனக்கு, நிலையான சம்பளம் இருந்தும் இரண்டு வங்கிகள் கிரெடிட் கார்டு தர மறுத்ததைச் சென்ற ஆண்டு எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

மறுப்புக்கான காரணம், ஒருவர் கடனைக் கட்டிய வரலாற்றைத் தொகுத்து மதிப்பெண் தரும் சிபில் (CIBIL) நிறுவனத்தின் அறிக்கையில் இருந்தது. அங்கே மதிப்பெண்ணுக்குப் பதிலாக -1 என்று இருந்ததைக் கண்டு கலங்கிப்போனேன். அது மோசமான மதிப்பெண் அல்ல, கணிப்பதற்கு வரலாறே இல்லை என்பதற்கான குறி என்று பிறகுதான் புரிந்தது. சிங்கப்பூரில் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய பதிவு இங்கே கணக்கில் வரவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

வெளிநாட்டு வாழ் இந்தியர் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிய பின், 60,000 ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டு, அதன் பிணையில் 48,000 ரூபாய் வரம்புள்ள அட்டையைப் பெற்றேன். மளிகை, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்தி, செலவை வரம்பில் 30 சதவீதத்துக்குள் நிறுத்தி, குறைந்தபட்சத் தொகையை அல்லாமல் முழுத் தொகையையும் கெடுவுக்கு முன்பே கட்டினேன். ஏழாம் மாதம் 742 என்று முதல் மதிப்பெண் வந்தது. பத்தாம் மாதம் பிணையில்லாத அட்டை கிடைத்தது.

இடையில் பொறுமையிழந்து இன்னொரு வங்கியில் விண்ணப்பித்தது என் தவறு. ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் வங்கியின் விசாரணையாகப் பதிவாகி, மதிப்பெண்ணைப் பாதிக்கக்கூடும். சிபில் உட்பட இந்தியாவின் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன என்பதால், விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

பழைய அட்டையை நான் மூடவில்லை. இந்தியாவில் எனக்குள்ள மிகப் பழைய கடன் கணக்கு அதுதான்.