அணில்பிள்ளைக்குப் பால் புகட்டுவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நேற்றுக் காலை மரத்தடியில் ஒரு அணில்பிள்ளை கிடந்தது. கண் திறக்கவில்லை, வயிறு சில்லென்று இருந்தது. தாய் வந்து தூக்கிப் போகும் என்று அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதே இடத்தில் வைத்துப் பார்த்தோம். பொழுது சாயும் வரை வரவில்லை.

கையுறை போட்டுத்தான் எடுத்தேன், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். உடம்பில் உண்ணி, தெள்ளு இருக்கலாமே. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, விரலைப் பற்றிக்கொண்டது. உடம்பு சூடாகாமல் பால் கொடுத்தால் செரிக்காது என்று தெரியும். பசும்பாலும் ஆகாது. அதனால் நாய்க்குட்டிப் பால் பவுடர் வாங்கியிருக்கிறேன்.

சிக்கல் இங்கேதான். 1 மி.லி. சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கிறேன், ஆனாலும் ஒருமுறை மூக்கில் குமிழி வந்துவிட்டது. பால் நுரையீரலுக்குள் போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிப் பிடித்துப் புகட்டுவது? ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவினால் சிறுநீர் வருகிறது, மலம் இன்னும் வரவில்லை. எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? காட்டுயிர் மீட்பு ஆட்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை இது தாங்க வேண்டும், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.