கே.பி.எஸ். அம்மாவைப் பார்த்தவர்கள், கேட்டவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரையான்:
போன வாரம் டிவியில் திருவிளையாடல் ஓடிக்கொண்டிருந்தது. "அந்த அவ்வையார் பாட்டி யாரு தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். "நம்மூருக்காரங்க அம்மிணி. கொடுமுடி பாலாம்பாள் மக கே.பி. சுந்தராம்பாள்" என்றேன். "அவங்க எம்.எல்.சி.யாக்கூட இருந்தாங்க" என்று சொன்னதும் அவள் நம்பவே இல்லை. அவள் அம்மாவும் நம்பவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. 1951ல் சென்னை மாநிலச் சட்ட மேலவைக்கு உறுப்பினராகப் போனவர் அவர். சினிமாவிலிருந்து சட்டமன்றப் படி ஏறிய முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவ்வையார் வேஷம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நாம் தொலைத்துவிட்டோம். அதனால்தான் கேட்கிறேன், அவரைப் பார்த்த, கேட்ட ஞாபகம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயசு இருக்கும். பக்கத்து ஊர்க் கோயில் நோம்பி. அப்பாரு என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். மேடைக்கு ஒட்டினாற்போல இடம் கிடைத்தது. வெள்ளைக் கதர்ப்புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். வந்து உட்கார்ந்ததும் மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தார். தொண்டையைச் செருமவில்லை, பிளாஸ்க்கில் இருந்து வெந்நீர் ஒரு வாய் குடித்தார், அவ்வளவுதான். முருகன் பேரைச் சொல்லி மேலே போனாரே, மிருதங்கக்காரர் வாசிக்காமல் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது, முகத்தில் மட்டும் ஒரு சுளிப்பு இல்லை. திரும்பிப் பார்த்தால் அப்பாரு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வரும் வழியில் சொன்னார்: "இந்தக் குரலைக் கேட்டுத்தான்டா நான் கதர் கட்டுனது."

கரூர்க்காரி:
அண்ணா, உங்கள் அப்பாரு சொன்னதையே எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெத்தவங்க, வேறு விதமாகச் சொல்லும். 1937 தேர்தல் சமயம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காங்கிரஸ் கூட்டம். அந்தக் காலத்தில் பொம்பளைகள் கூட்டத்துக்குப் போவதாவது! ஆனால் "சுந்தராம்பாள் பாடறாங்களாம்" என்று சேதி வந்ததும் வண்டி கட்டிக்கொண்டு போனார்களாம். அம்மாயி வண்டியைவிட்டு இறங்கவே இல்லை, மாடு அவிழ்த்த வண்டியில் நின்றபடியே கேட்டதாம். தலைவர்கள் பேசுவதற்கு முன்னால் பாட்டு முடிந்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று, முதலில் ஒன்று பாடவைத்து, நடுவில் பேசி, கடைசியில் மறுபடியும் பாடவைப்பார்களாம். பேசியதில் ஒரு வார்த்தைகூட அம்மாயிக்கு ஞாபகமில்லை. பாட்டு மட்டும் சாகும்வரை ஞாபகம் இருந்தது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அந்தத் தேர்தலில் எங்கள் அம்மாயிக்கு ஓட்டே கிடையாது. சொத்து, வரி, படிப்பு என்று பார்த்துத்தான் அப்போது ஓட்டு. வண்டியில் நின்ற அத்தனை பேரில் ஒருத்திக்காவது இருந்திருக்குமா என்பது சந்தேகம். இருந்தும் வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் யாருக்குப் போட வேண்டும் என்று சொன்னதே அம்மாயிதானாம்.

அப்பப்பாவின் பேரன், யாழ்ப்பாணம்:
எங்கட பக்கமும் ஒரு கதை இருக்கு. கொழும்பில கடை வைச்சிருந்த அப்பப்பா நாடகப் பைத்தியம். 1926ல நாடக நடிகர் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் முதல்முதலாச் சேர்ந்து நடிச்சது கொழும்பிலதான். கிட்டப்பா பெரிய பாட்டுக்காரர், அவருக்குப் பக்கத்தில நிண்டு பாடேலாது எண்டு ஆக்கள் அவவைப் பயம் காட்டினவையாம். மேடையில ஏறின பிறகு ஆர் ஆரை வெண்டது எண்டு கேட்டா அப்பப்பா சிரிப்பார். "ரெண்டு பேரும் வெல்லேல்லையடா, நாங்கள்தான் தோத்தனாங்கள். விடியுமட்டும் நித்திரை இல்லை" எண்டு சொல்லுவார். அடுத்த வருசமே ரெண்டு பேருக்கும் கலியாணம்.

காவிரிக்கரையான்:
தம்பி, ரொம்ப நன்றி. கிட்டப்பா 1933 டிசம்பரில் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது 25 வயசு. அன்றைக்குக் கட்டிய வெள்ளைப்புடவைதான், நான் பார்த்தபோதும் அதே வெள்ளை. பிறகு எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிக்கவில்லை. 1935ல் நந்தனார் படத்துக்குக் கூப்பிட்டபோது நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். முடங்கிக் கிடந்தவரை வெளியே வரச்சொல்லி மேடை ஏற்றியதில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்குப் பெரிய பங்கு உண்டு. துக்கத்தோடு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த வயசில் அவர் ஊர் ஊராகப் போய்ச் சுதந்திரத்துக்குப் பாடினார். இதைப் பேத்திக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இசைத்தட்டு:
எங்கள் தாத்தாவிடம் நூறு தட்டுக்கு மேல் இருந்தது. நான் வெளியூரில் வேலையில் இருந்தபோது வீட்டை இடித்துக் கட்டினார்கள். பரணில் இருந்த பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் வந்து கேட்டபோது ஒரே ஒரு தட்டு, அதுவும் ஓரத்தில் விரிசலோடு, தாத்தாவின் டிரங்குப் பெட்டி அடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். "காந்தியோ பரம ஏழை சந்யாசி", கே.பி. சுந்தராம்பாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான். அதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஆலாபனை எல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போய்விடுவார். ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தட்டைத் தின்றுவிடும். என் தட்டில் விரிசல் இருப்பதால் சுற்றுக்கு ஒரு "டிக்" கேட்கும். மேடைக்கு வர முடியாத ஊர்களுக்கும் காந்தியின் பெயர் இப்படித்தான் போனது. கிராமபோன் வைத்திருந்த டீக்கடை ஒன்று போதும், தெருவே கேட்கும்.

கரூர்க்காரி:
காந்தி என்றதும் அந்தத் தட்டு, அதாவது தங்கத்தட்டு ஞாபகம் வருகிறது. கொடுமுடி வீட்டுக்கு வந்த காந்திக்குத் தங்கத்தட்டில் சாப்பாடு போட்டாராம். "சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா?" என்று அவர் கேட்க, அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாராம். ஏலத்தில் போன பணம் இயக்கத்துக்கு. எங்கள் பக்கம் இந்தக் கதை தெரியாத வீடு கிடையாது.

கழகத்து வீட்டுப் பிள்ளை:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீடு கழகத்து வீடு. சாமி படம் கிடையாது, அப்பா விபூதி பூச மாட்டார். 1964ல் பூம்புகார் வந்தது, கலைஞர் வசனம். அதில் கவுந்தி அடிகளாக யார் வருகிறார் என்று பார்த்தால், காங்கிரஸ் மேடையில் நமக்கு எதிராகப் பாடியவர்! அப்பா முதல் நாள் போனபோது முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாராம். "வாழ்க்கை என்னும் ஓடம்" வந்ததும் முறைப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ரேடியோவில் அவர் பாட்டு வந்தால், அது முருகன் பாட்டாகவே இருந்தாலும், யாரும் அணைக்க மாட்டார்கள். அவர் தன் நெற்றித் திருநீற்றை அழிக்கவும் இல்லை, அப்பா பூசிக்கொள்ளவும் இல்லை.

எதிர்க்கட்சிக்காரரையும் உட்கார்ந்து கேட்கவைக்கும் ஆட்களை இன்றைக்குத் தேடிப்பார்க்கிறேன். கண்ணில் படவில்லை.

பாசஞ்சர் வண்டி:
நான் ஈரோட்டுக்கும் கரூருக்கும் பதினோரு வருஷம் பாசஞ்சரில் போய்வந்தவன். சின்ன வயசில் அந்த அம்மா ரயிலில் பாடிக் காசு வாங்கித்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது என்று படித்திருக்கிறேன். கொடுமுடி தாண்டும்போது யாராவது பாடிக்கொண்டு வந்தால் நான் செல்போனைப் பார்ப்பதில்லை. ஒருமுறை ஒரு சின்னப் பெண், இரண்டு ஓட்டாஞ்சில்லை விரலிடுக்கில் தட்டிக்கொண்டு "பழம் நீயப்பா" பாடினாள். பெட்டியில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் காசு கொடுத்துவிட்டு இன்னொரு தடவை பாடச் சொன்னேன். இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டது என்று போய்விட்டாள். பள்ளிக்கூடம் போகிறாயா என்றாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்றைக்கும் என்னை விடுவதாக இல்லை.

இசைத்தட்டு:
காவிரிக்கரையான் ஐயா, அந்தத் தட்டை ஓடவிட்டு செல்போனில் பதிவு செய்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இரைச்சல் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரையான்:
வந்தது தம்பி. நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு போட்டேன். "இதைப் பாடினப்ப அந்தப் பாட்டிக்கு முப்பது வயசுகூட இல்லை அம்மிணி" என்று சொன்னேன். முதலில் அவளுக்கு அந்த "டிக்" சத்தம்தான் வேடிக்கையாக இருந்தது, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். முப்பதோ நாற்பதோ எண்ணியிருப்பாள். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டாள்.