சாஸ்திரி நமக்காகப் பேசினாரா, நம்மைக் கப்பலேற்றப் பேசினாரா?

உம்கேனி வாசகன்:
சீனிவாச சாஸ்திரியைப் பற்றி வினீத் தாக்கூர் 2021ல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். சாஸ்திரிதான் இந்தியாவின் முதல் ராஜதந்திரி என்பது அதன் வாதம். எனக்கு முழு உடன்பாடு. வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். 1921ல் லண்டன் இம்பீரியல் மாநாட்டுக்குப் போனார், அப்புறம் ஜெனீவா, வாஷிங்டன். நாடு அடிமையாக இருந்த காலத்திலேயே ஒரு தமிழர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸுக்கு எதிரே உட்கார்ந்து சம உரிமை கேட்டிருக்கிறார். 1927 ஜூனில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். டர்பனில் அவர் பெயரில் கல்லூரி நிற்கிறது. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

சாட்ஸ்வர்த் பேத்தி:
வாசகன் அண்ணா, சாஸ்திரியை இங்கே வரவழைத்தது இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் செய்த 1927 கேப்டவுன் ஒப்பந்தம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதைப் பேசி முடித்த இந்தியத் தூதுக்குழுவிலும் அவர் இருந்தார். இந்தியாவுக்குத் திரும்பச் சம்மதிக்கும் பெரியவருக்கு 20 பவுண்டு, பிள்ளைக்கு 10 பவுண்டு, கப்பல் செலவு இலவசம். முன்பே இருந்த ஊக்கத்தொகையை இரட்டிப்பாக்கினார்கள். மூன்று வருஷத்துக்குள் திரும்பி வரலாம், ஆனால் வாங்கிய பணத்தையும் கப்பல் செலவையும் கட்ட வேண்டும். கரும்புத் தோட்டத்தில் கூலி வாங்கியவன் எங்கிருந்து கட்டுவான்? மூன்று வருஷம் தாண்டினால் இங்கே இருக்கும் உரிமையே போச்சு. ராஜதந்திரம் என்று நீங்கள் கொண்டாடுவதில் இதுவும் சேர்த்திதானே?

மாரிட்ஸ்பர்க்காரன்:
தங்கச்சி, ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆசியர்களைத் தனிப் பகுதிக்குள் அடைக்க உள்துறை அமைச்சர் மலான் 1925ல் கொண்டுவந்த மசோதா அதனால்தான் நின்றது. அப்புறம் மதுபான மசோதா வந்தது. அதன் 104ஆம் பிரிவு நிறைவேறியிருந்தால் மது விற்கும் இடங்களில் இந்தியர் வேலை செய்ய முடியாது. டர்பன் ஓட்டல்களில் தட்டு ஏந்திய நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிருக்கும். சாஸ்திரி அமைச்சர்களைப் பார்த்துப் பேசிப் பேசியே அந்தப் பிரிவை எடுக்க வைத்தார். கையில் படையில்லை, பணமில்லை, பின்னால் ஒரு சுதந்திர நாடும் இல்லை. கல்லூரிக்கான பணத்தைக்கூட நம் ஆட்களிடம்தான் திரட்டினார். இருக்கும் நிலையில் கிடைத்ததை வாங்குவதுதானே ராஜதந்திரம்? முழு நியாயம் கிடைக்கும்வரை பேசமாட்டேன் என்று இருந்திருந்தால் அந்த வெயிட்டர்கள் கதி என்ன?

சாட்ஸ்வர்த் பேத்தி:
அண்ணா, வெயிட்டர்கள் விஷயத்தில் அவர் செய்தது பெரிய காரியம்தான். எனக்குக் கோபம் வேறு இடத்தில். புதிய ஆய்வுகள் மாநாட்டு மேசையைத் துல்லியமாகக் காட்டுகின்றன, யார் யாருக்கு என்ன கடிதம் எழுதினார்கள் என்று. மதராஸ் துறைமுகத்தில் இறங்கியவர்கள் என்ன ஆனார்கள்? இங்கத்திய இந்தியர் தலைவர் பவானி தயாள் சன்யாசியும் இந்தியாவின் இந்திப் பத்திரிகையாளர் பனாரசிதாஸ் சதுர்வேதியும் அதைத் தேடிப் போய் 1931ல் அறிக்கையே வெளியிட்டார்கள். திரும்பியவர்களில் பலர் நேட்டாலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கையில் இருந்த பணம் கரைந்தது, வேலையில்லை, கடல் கடந்தவர்கள் என்று சாதிசனமும் சேர்க்கவில்லை. என் ஆயாவின் அக்கா குடும்பம் அப்படித்தான் போனது. வேலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்ததாம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ராஜதந்திர வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் குடும்பங்களிடமிருந்து தொடங்கினால் சாஸ்திரியின் உருவமே மாறும்.

உம்கேனி வாசகன்:
அம்மா, உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது கொடுமை. ஆனால் ஊருக்கு அனுப்பும் திட்டத்தை உண்டாக்கியது பிரிட்டோரியாவிலிருந்த வெள்ளையர் அரசு, சாஸ்திரி அல்ல. அவர் பேச்சுவார்த்தையில் இல்லாமல் இருந்திருந்தால் கட்டாயமாகவே அனுப்பியிருப்பார்கள்.

சாட்ஸ்வர்த் பேத்தி:
அது ஊகம், அண்ணா. கையெழுத்தானது ஊகமில்லை.

கேட்டோ மேனர் பழையவன்:
இருவரும் 1927லேயே நிற்கிறீர்கள். சாஸ்திரி இறந்தது 1946 ஏப்ரல் 17. அதே வருஷம் நம் நிலவுரிமையைப் பறிக்கும் கெட்டோ சட்டம் வந்தது. ஜூன் 13 அன்று இதே டர்பனில் நம் ஆட்கள் கேல் தெரு, அம்பிலோ சாலை முனையில் கூடாரம் அடித்துச் சிறைக்குப் போகத் தயாரானார்கள். இந்தியா வணிகத் தடை விதித்தது. டிசம்பரில் விஜயலட்சுமி பண்டிட் ஐ.நா. பொதுச்சபையில் ஸ்மட்ஸை எதிர்த்துப் பேசி, 32க்கு 15 என்று தீர்மானம் நிறைவேறியது. தலைவர்களோடு தனியாகப் பேசி முடிக்கும் சாஸ்திரி வழி இருபது வருஷத்தில் தந்ததைவிட இந்த ஒரு வாக்கெடுப்பு பெரியது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. தலையிடக்கூடாது என்று ஸ்மட்ஸ் மூடிவைத்த கதவு அன்றைக்கு உடைந்தது. மறுவருஷமே இங்கத்திய இந்தியக் காங்கிரஸ் தலைவர்களான டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதூவும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் டாக்டர் சூமாவோடு சேர்ந்து போராட ஒப்பந்தம் போட்டார்கள். கேப்டவுன் ஒப்பந்தம் முழுவதையும் புரட்டுங்கள், இந்த மண்ணின் பெரும்பான்மை மக்களுக்கு ஒரு வரிகூட இல்லை. என் குறை அதுதான்.

மாரிட்ஸ்பர்க்காரன்:
ஐயா, 1946ல் பின்னால் ஒரு நாடு விடுதலையின் வாசலில் நின்றது. 1927ல் அது இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சாஸ்திரிக்குச் செய்யும் அநியாயம்.

கேட்டோ மேனர் பழையவன்:
தம்பி, நாடு மட்டுமா மாறியது? தெருவில் ஆட்கள் இருந்தார்கள். சாஸ்திரி அவர்களை அடங்கியிருக்கச் சொன்னார், நாயக்கர் வரச் சொன்னார்.

சாட்ஸ்வர்த் பேத்தி:
வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறது. 1927க்கு அப்புறம் மதராஸ் போனவர்களின் பெயர்களை அங்கே யாராவது தேடியிருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் பழைய கப்பல் காகிதம், ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களுக்குக் கொடுத்த கூலி எண், ஊரிலிருந்து வந்த கடிதம் ஏதாவது இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். சனிக்கிழமை நான் அங்கே போகிறேன்.

உம்கேனி வாசகன்:
நானும் வருகிறேன், அம்மா. ஏஜெண்டின் அறிக்கைகள் அங்கே கிடைத்தால் அதையும் எடுத்துப் பார்ப்போம்.