பாயிண்ட் கார்டுகளின் தரவரிசைக்கு உங்கள் ஆலோசனை தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். எல்லாக் காலத்து என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வீரர்களும் ஒரே களத்தில் மோதும் எங்கள் கணினிக் கூடைப்பந்து லீக்கிற்கு, பாயிண்ட் கார்டுகளின் (பந்தைக் கொண்டுசென்று அணியின் தாக்குதலை வழிநடத்தும் வீரர்களின்) தரவரிசையைத் தயாரித்து வருகிறேன். மேஜிக் ஜான்சனுக்கு முதலிடம் தருவதில் எனக்குத் தயக்கமே இல்லை, ஆட்டத்துக்கு 11.2 அசிஸ்ட் (சக வீரர் கூடையில் பந்தைப் போட உதவும் பாஸ்) என்ற அவரது வாழ்நாள் சராசரியை இன்றுவரை எவரும் எட்டவில்லை. அவருக்கு அடுத்த இடம்தான் சிக்கல். 15,806 அசிஸ்ட், 3,265 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தல்) என இரு சாதனைகளையும் தன்வசம் வைத்திருக்கும் ஜான் ஸ்டாக்டனா, 2015-16 பருவத்தில் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சுகள் 402-ஐக் கூடைக்குள் செலுத்திய ஸ்டீபன் கரியா?

ஆஸ்கர் ராபர்ட்சனை மதிப்பிடுவது இன்னும் கடினம். 1961-62 பருவம் முழுவதற்கும் டிரிபிள் டபுள் (புள்ளி, தவறிய வீச்சின் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்ட், அசிஸ்ட் ஆகிய மூன்றிலும் இரட்டை இலக்கம்) சராசரி கண்டவர் அவர். ஆனால் அன்று ஆட்டத்தின் வேகம் மிக அதிகம் என்பதால் எண்களும் கூடுதலாக வந்தன, ஸ்டீல் கணக்கு 1973-74 பருவத்தில்தான் தொடங்கியது, மூன்று புள்ளிக் கோடோ அவர் ஓய்வுபெற்ற பிறகு, 1979-80 பருவத்தில்தான் வந்தது. அப்படியிருக்க, அவருடைய தூர வீச்சுக்கும் தற்காப்புக்கும் எந்த அடிப்படையில் மதிப்பெண் தருவது?

இத்தகைய லீக்குகளை நடத்திய அனுபவமுள்ளவர்கள், புள்ளிவிவரங்களை நூறு பந்துடைமைகளுக்கு (அணியிடம் பந்து இருக்கும் தாக்குதல் வாய்ப்புகளுக்கு) என மாற்றிக்கொள்கிறீர்களா என்றும், பந்தை இழக்கும் தவறுகளுக்கு எவ்வளவு மதிப்பெண் குறைக்கிறீர்கள் என்றும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.